கேட்டதாகப் பதிவு

நாற்பது நொடிக்கு முன்பே சொல்லிவிடும் என்றார்கள். அதில் பொய்யில்லை, சொல்லத்தான் செய்தது.

கேளம்பாக்கத்தைத் தாண்டி முப்பத்தாறு மாடிக்கு எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் அது. ஒரு திங்கட்கிழமை காலை கொளஞ்சி மேஸ்திரியின் ஆட்கள் பதினான்கு பேரையும் வாசலில் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு கறுப்புப் பட்டையைக் கையில் மாட்டினார்கள். மாட்டியவள் மெர்லின், நாகர்கோவில் பெண், அந்த இடத்தின் பாதுகாப்பு இன்ஜினியர். வயது முப்பதுகூட இருக்காது. வெயிலில் கறுத்துப்போன முகமும் எந்நேரமும் எதையோ மறந்துவிட்டவள் போன்ற பார்வையுமாக இருப்பாள்.

"உங்க ஹெல்மெட்டுல ஒரு சின்னக் கருவி வெச்சிருக்கு. நீங்க எங்க நிக்கறீங்க, எப்படிக் கால் வைக்கறீங்கன்னு அது பார்த்துட்டே இருக்கும். மேல இருக்கிற கேமரா பலகை, முட்டு, கம்பி எல்லாத்தையும் பார்க்கும். ரெண்டையும் வெச்சு, அடுத்த நாப்பது நொடியில உங்களுக்கு என்ன ஆகும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஆபத்துன்னா கையில இருக்கிற பட்டை வாய்விட்டுச் சொல்லும். இந்தப் பட்டனை அமுக்கினா நீங்க கேட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

"அமுக்கலன்னா?" என்றார் கொளஞ்சி.

"பத்து நொடி பார்க்கும். அப்புறம் அந்த மாடியில லிஃப்ட், பம்ப் எல்லாம் தானா நின்னுடும்."

"வெளங்கிடும்" என்றார் கொளஞ்சி.

வரிசையில் நின்ற அய்யாக்கண்ணு மட்டும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாப்பது நொடி பத்துமா மேடம்?"

"ரெண்டு அடி பின்னால வர எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

"ரெண்டு நொடி."

"அப்போ முப்பத்தெட்டு நொடி மிச்சம்."

இந்த முப்பத்தெட்டு நொடிக் கணக்கை அவன் அன்றைக்கு முழுக்கப் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னான். சாப்பாட்டு வேளையில், அதே கூட்டத்தில் கலவை சுமக்கும் தன் மனைவி வேம்புவிடம் இரண்டாவது தடவையாகச் சொன்னபோது, "செத்துப் பொழைக்கிறதுக்குக் கூட நேரம் மிச்சம் புடிக்கிற ஆளு நீதான்யா" என்று அவள் சிரித்தாள். அவன் அப்படிப்பட்டவன்தான். கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் பதினெட்டு வருடம். முதல் மாடியில் நின்றாலும் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை எதிலாவது மாட்டிக்கொண்டுதான் சுத்தியலைத் தொடுவான். மற்றவர்கள் அவனைத் தொட்டில் பிள்ளை என்று கேலி செய்வார்கள். தொட்டில் பிள்ளை இதுவரை விழுந்ததில்லை. கேலி செய்தவர்களில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் பட்டைக்கு மாமியா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் குரல், சுத்தமான செந்தமிழ், ஓயாத குறை. "தரை ஈரமாக உள்ளது, கவனம் தேவை." "உங்கள் இடது கால் தளர்வாக உள்ளது." "கம்பி முனை அருகில் உள்ளது." கம்பி கட்டுகிறவன் பக்கத்தில் கம்பி முனை இல்லாமல் கரும்பா இருக்கும்? தும்மினால் சொன்னது, குனிந்தால் சொன்னது, குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தாலும் சொன்னது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு தடவை. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றுமே ஆகாது. மீதி ஒன்று எதுவென்று மாமியாவும் சொல்லமாட்டாள்.

அய்யாக்கண்ணு மட்டும் ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டான். கேட்டு, இரண்டு அடி பின்னால் வந்து, காலுக்குக் கீழே பார்த்து, முட்டுக்கட்டையை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவான். அவன் வேலை பாதியாகக் குறைந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

பதினைந்தாம் மாடிக்குத் தளம் போட்ட நாளில் அந்த முணுமுணுப்பு வெடித்தது. தளம் போடும் நாளில் கான்கிரீட் வந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் குழாய்க்குள்ளேயே இறுகிப்போகும், போட்ட தளத்திலும் ஒட்டாமல் கோடு விழும். அன்று கலவைக் கையோடு நின்றவர்களால் பட்டனை அமுக்க முடியாமல் ஏழு தடவை பம்ப் நின்றது. ஏழாவது தடவை குழாயைக் கழற்றி, இறுகின கலவையைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பெரிய இன்ஜினியர் கொளஞ்சியைப் பத்துப் பேர் முன்னால் வைத்துக் கிழித்துத் தொங்கவிட்டார். மாமியாவை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொளஞ்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புது வழி என்றும் சொல்ல முடியாது. அவர் கூட்டம் திட்டக்குடிப் பக்கத்து ஒரே ஊர்க்கூட்டம், பாதிப் பேர் பங்காளிகள், மீதிப் பேர் சம்பந்திகள். ஆஜர் நோட்டில் கைநாட்டு வைத்த காலத்திலிருந்தே ஒருத்தர் போய் எல்லோருக்கும் சேர்த்து வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். ஒருவன் எல்லோருடைய செல்போனையும் வைத்திருப்பான், ஒருத்தி எல்லோருடைய சோற்றையும் எடுத்துவருவாள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துக்கொள்வதைத் தப்பு என்று யாருமே அவர்களுக்குச் சொன்னதில்லை, அதனால்தான் இத்தனை வருடம் பிழைத்தார்கள்.

கலவை அள்ளும் பாண்டுச் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "எல்லாம் பட்டையக் கழட்டிப் போடுங்க" என்றார் கொளஞ்சி. "வேம்பு, ஒனக்குத்தான் காலு சுளுக்கியிருக்கே. நீ படியில குந்திக்கிட்டு எல்லாத்துக்கும் அமுக்கிக்கிட்டு இரு."

"ஹெல்மெட்டு காட்டிக் குடுத்துடாதா மாமா?" என்றாள் வேம்பு. கொளஞ்சி அவள் கணவனுக்குப் பெரியப்பா மகன்.

"ஹெல்மெட்டு வித்தவன் வேற, பட்டை வித்தவன் வேற. அது எங்க நிக்கறன்னு பாக்கும், இது கேட்டியான்னு பாக்கும். ரெண்டும் ஒரே எடத்துல இருக்கான்னு ஒண்ணையொண்ணு கேட்டுக்காது, நம்மூரு பங்காளிங்க மாதிரி."

எல்லோரும் சிரித்தபடி கழற்றிப் போட்டார்கள். அய்யாக்கண்ணு மட்டும் கையை மூடிக்கொண்டு நின்றான். "எனக்கு இருந்துட்டுப் போவுது" என்றான்.

"ஒன் ஒருத்தனாலதான்டா பாதி நேரம் நிக்குது" என்று கத்தினார் கொளஞ்சி.

வேம்புவே எழுந்து நொண்டிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் பாத்துக்க மாட்டனா? பெத்தவ மாதிரி பாத்துக்கறன், குடுய்யா" என்றாள். அவன் கையைத் தளர்த்தினான். பட்டையை அவள்தான் கழற்றினாள்.

முதல் சில நாட்கள் அவள் கத்தவும் செய்தாள். அதே மாடியில் தூண் மறைவில் உட்கார்ந்துகொண்டு, பட்டை பேசியதும் பேர் சொல்லி ஒரு குரல் கொடுப்பாள். அவனுக்கு வந்தால் இரண்டு குரல். அவனும் திரும்பிப் பார்த்துப் பின்னால் வருவான். அப்புறம் கேமராவில் தெரியுது என்று கொளஞ்சி அவளை ஒரு மாடி கீழே, படிக்கட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து கத்தினால் பம்ப் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. நொண்டிக்கொண்டு ஏறிப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் இங்கே நாலு பட்டை கூப்பிடும். பதினான்கு பேருக்கு இருநூறு என்றால் எத்தனை தடவை ஏறுவது? ஏறியதை நிறுத்தினாள். பிறகு கேட்பதையும் நிறுத்தினாள். எந்தப் பட்டை பேசுகிறது என்பதை விரல் பார்த்துக்கொண்டது, என்ன பேசுகிறது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆவணி மாதம் அந்தக் கூட்டத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். எச்சரிக்கையை மிக வேகமாகக் கேட்டு உறுதி செய்யும் குழு, சராசரி ஒரு நொடிக்கும் குறைவு. பதினான்கு பேரும் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாசல் தட்டியில் அந்தப் படத்தைப் பெரிதாக ஒட்டினார்கள். ஆளுக்கொரு குக்கரும் கிடைத்தது.

அய்யாக்கண்ணு விழுந்தது ஐப்பசியில், பட்டப்பகலில், பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. இருபத்திரண்டாம் மாடி ஓரத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்தான். கொக்கியை ஒரு கயிற்றிலிருந்து எடுத்து அடுத்த கயிற்றில் மாட்டுகிற இடைவெளி இருக்கிறதே, அந்த இரண்டு மூச்சு நேரம் எவ்வளவு ஜாக்கிரதைக்காரனுக்கும் பிடிமானம் கிடையாது. இரட்டைக் கொக்கி பெல்ட் வருகிறது வருகிறது என்று ஆடியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழே முட்டு நழுவியது. பலகை சரிந்தது.

வேம்பு படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே கூச்சல் கேட்டதும் பட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மாதக்கணக்கில் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த சுளுக்கு அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

கருமாதி முடிவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. "தொழிலாளி 11:41:27க்கு எச்சரிக்கை பெற்றுள்ளார். 11:41:28க்கு அதைக் கேட்டதாக உறுதி செய்துள்ளார். அதன் பிறகும் முப்பத்தொன்பது நொடிகள் அதே இடத்தில் இருந்துள்ளார்." அவ்வளவுதான். ஆத்திரப்பட ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நஷ்டஈட்டுப் பேச்சை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். ஊர் வாயைத்தான் யாராலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. எச்சரித்தும் கேளாத தொழிலாளி பலி என்று பேப்பரில் நாலு வரி வந்தது. குடித்திருப்பான் என்றான் ஒருவன். குடும்பத்தில் ஏதோ என்றாள் ஒருத்தி. வாழ்நாளில் டீக்கு மேல் குடிக்காதவன் அவன்.

பத்தாவது படிக்கும் மகள் இலக்கியா அந்தப் பேப்பரை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். பதினேழாம் நாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "முப்பத்தொம்பது நொடி எதுக்கும்மா அங்கயே நின்னாரு? நம்ம மேல என்னா கோவம் அவருக்கு?"

வேம்பு தன் கட்டைவிரலை யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பிடித்து உள்ளே வைப்பார்களோ என்று தன்னைப் பற்றி இருந்த பயம் அன்றோடு போய்விட்டது. அவளுக்கு ஒரே ஒரு வரி வேண்டும். அவன் காதில் அது விழவில்லை என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும்.

விஷயம் காதுக்கு எட்டியதும் கொளஞ்சி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "நீ சொன்னா அத்தனை குடும்பமும் தெருவுல நிக்கும்மா. எனக்கு எந்தக் கம்பெனியும் வேல குடுக்கமாட்டான். ஒன்னத் தூக்கி உள்ள வெச்சாலும் வெப்பான். போனவன் போயிட்டான்."

"போனவரத்தான் மாமா திட்டறாங்க" என்றாள் வேம்பு. "நம்மள யாரும் திட்டல."

கொளஞ்சி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவள் தனியாகப் பஸ் ஏறிக் கேளம்பாக்கம் வந்தாள். வாசல் தட்டியில் பரிசு வாங்கிய படம் இன்னும் இருந்தது, அய்யாக்கண்ணுவின் முகத்தோடு. தகரக் கொட்டகை ஆபீஸில் மெர்லின் மட்டும் இருந்தாள். வேம்பு உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பாண்டுச் சட்டியைச் சொன்னாள், படிக்கட்டைச் சொன்னாள், அவன் கையிலிருந்து தானே கழற்றியதையும் சொன்னாள். அழக்கூடாது என்று வந்திருந்தாள், அழாமலேயே முடித்தாள்.

மெர்லின் மேசையைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"ஆடி மாசம் ஒரு நாள் படியில இறங்கி வந்தேன். உங்களைப் பார்த்தேன். மடியில பட்டையோட."

"பாத்துட்டு?"

"திரும்பி மேல போயிட்டேன்." மெர்லின் நிமிரவில்லை. "ராத்திரி ரிப்போர்ட் அனுப்பணும். இன்னைக்கு வேலை எத்தனை தடவை நின்னுதுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல சைபர் போட்டா ஹெட் ஆபீஸ்லேர்ந்து திட்டி போன் வராது. உங்க குரூப்பால எனக்கு மூணு மாசம் போன் வரலை. பரிசுக்கு எழுதி அனுப்பினதும் நான்தான்."

"எதுக்கு மேடம் ஒரு நாளைக்கு எரநூறு வாட்டி கத்தணும்? நெசமா ஆபத்து வர்றப்ப மட்டும் சொல்லியிருந்தா நாங்க கழட்டியிருப்பமா?"

"குறைக்கலாம்னு நானும் கேட்டேன்க்கா. சொல்லாம விட்டு ஒருத்தர் விழுந்தா கம்பெனி பதில் சொல்லணும். சொல்லி விழுந்தா விழுந்தவர் பதில் சொல்லணும். அதனால எல்லாத்துக்கும் சொல்லுது."

வேம்புவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அந்தப் பெண்ணை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்தால் காகிதம் கிடைக்காது. "அவரு கேக்கலன்னு எழுதிக் குடு" என்றாள். மேடம் போய் ஒருமை வந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"எழுதினா உங்க மேல கேஸ் வரலாம்க்கா."

"வரட்டும்."

"பழைய பதிவை அழிக்க முடியாது. அது அப்படியேதான் நிக்கும். கீழ ஒரு குறிப்பு சேர்க்கலாம்."

"கீழயே எழுது. எம்மவ படிப்பா."

மெர்லின் எழுதினாள். அந்த ஒரு காரியத்தை அவள் நேர்மையாகச் செய்தாள் என்று சொல்லத்தான் வேண்டும். தான் பார்த்ததையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வேம்புவிடம் கொடுத்தாள். மறு வாரம் மெர்லினுக்கு வேலை போயிற்று.

இலக்கியா அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தாள். "மேற்படி உறுதியைச் செய்தவர் தொழிலாளி அல்லர். பட்டை அவரிடம் இல்லை. எச்சரிக்கை அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. உறுதி செய்தவர் அவர் மனைவி." இரண்டாவது தடவையும் படித்தாள்.

"அப்ப அப்பா கேக்கல."

"கேக்கலடி. கேட்டிருந்தா வந்திருப்பாரு."

"நீ கேட்டியா?"

வேம்பு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை தூரம் வந்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. "சத்தம் காதுல வுழுந்துச்சு" என்றாள். "என்னா சொல்லுதுன்னு கேக்கல."

மகள் காகிதத்தை மடித்து, பழைய பேப்பர் இருந்த அதே புத்தகத்தில் வைத்தாள். பேப்பரை எடுத்துக் கிழித்துப் போட்டாள். அப்பன் மேல் இருந்த பழி அன்றோடு தீர்ந்தது. அம்மாவிடம் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் அன்றைக்குத்தான். சோறு வேண்டுமா என்றால் தலையசைப்பாள், அவ்வளவே.

போலீஸ் வரவில்லை. கேஸ் போட்டால் எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கும், அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கொளஞ்சியின் கூட்டத்தை மட்டும் வெளியே அனுப்பினார்கள். ஊரில் வேம்பு எதிரே வந்தால் பங்காளி வீட்டுப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நடந்தார்கள். வேம்பு நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மகள் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, அடுப்பு எரிய வேண்டியிருந்தது. மாசி மாதம் படப்பைப் பக்கம் வேறொரு கம்பெனியில், முன்பின் தெரியாத ஒரு மேஸ்திரியிடம், கல் சுமக்கச் சேர்ந்தாள்.

முதல் நாள் காலை வாசலில் வரிசை நின்றது. மெர்லின் வயதிலேயே ஒரு பையன், சட்டையில் பாதுகாப்பு இன்ஜினியர் என்று பெயர்ப் பட்டி, ஒவ்வொருவர் கையிலும் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பழையதைவிட மெலிதாக இருந்தது. வேம்பு தன் முறை வந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டன் எங்க தம்பி?"

"பட்டன் எடுத்துட்டாங்கக்கா. இப்ப வர்றதுல கிடையாது."

"அப்ப கேட்டம்னு எப்பிடிச் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கையில மாட்டியிருந்தாலே கேட்ட கணக்குதான். உங்களுக்குத் தொல்லை இல்ல, பம்பும் நிக்காது." அவனுக்கு அதில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "முன்னாடி இதுல ஏமாத்து வேலை நடந்துச்சாம். எங்கயோ ஒரு சைட்ல ஒரு பொம்பள பதினாலு பேருக்கும் சேர்த்து அமுக்கியிருக்கு. புருசன் விழுந்ததும் அதுவே வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுச்சு. அப்புறம்தான் எல்லா கம்பெனியும் மாத்தினாங்க. ஒரு வகையில அந்தம்மாவுக்குப் புண்ணியம்தான், இனிமே ஒருத்தரும் கேக்கலைன்னு சொல்ல முடியாது."

வேம்பு வாயைத் திறந்தாள். இவனிடம் சொன்னால் இவன் எங்கே எழுதுவான், எழுதினால் அடுத்து எதை எடுப்பார்கள்?

"கழட்டணும்னா?"

"வேலை முடிஞ்சு வெளிய போறப்ப தானா திறக்கும். நடுவுல திறக்காது. கையை நீட்டுங்கக்கா, பின்னால ஆள் நிக்குது."

நீட்டினாள். பட்டை மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டது. பையன் தன் கையிலிருந்த திரையைத் தட்டி, "ஒரு சோதனைக்கு எச்சரிக்கை வரும், பாருங்க" என்றான். அந்த நேரம் பார்த்து ஜல்லி லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடி வாசலுக்குள் நுழைந்தது. பட்டை பேசியது மணிக்கட்டில் அதிர்வாகத் தெரிந்தது. வேம்பு கையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். லாரி சத்தத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னா சொல்லிச்சு தம்பி?" என்று கத்தினாள்.

லாரி சத்தத்தில் அது அவனுக்கும் கேட்கவில்லை. அவன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டிச் சிரித்தான். வேம்பு என்ற பெயருக்கு நேரே பச்சை எழுத்தில் 'கேட்டார்' என்று விழுந்திருந்தது.